கரிசல் பந்தி – 14: மதுரைக்குப் போகிற நாள்

திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கிராமங்களில் 'டவுனுக்குப் போறேன்' என்றால் அருப்புக்கோட்டை. உரம், பூச்சிமருந்து, மோட்டாருக்குக் காயில் கட்டுவது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். 'மதுரைக்குப் போறேன்' என்பது வேறு. கல்யாணத்துக்கு நகை, பட்டு, பாத்திரம், மளிகை, பெரியாஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை எட்டிப் பார்ப்பது என்று நாலைந்து வேலைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிற நாள் அது. எங்கே, என்ன சாப்பிடுவது என்பதும் அந்த வேலைகளில் ஒன்று. பஸ்ஸில் உட்கார்ந்ததுமே அந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

போன வாரம் கண்மாய் மீனோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ஊரை விட்டுக் கிளம்புவோம். ஏனென்றால் கரிசல்காட்டுச் சாப்பாட்டின் பாதிக் கதை மதுரையில்தான் நடக்கிறது.

புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருந்து, தையிலும் மாசியிலும் அறுக்கிற பூமி இது. கையில் நாலு காசு புழங்குவது மாசி, பங்குனியில். மதுரைப் பயணங்களும் அப்போதுதான் கூடும். மல்லிகை ஏறு காலமும் அதுவே. அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் விடியும் முன் மொட்டாகப் பறித்த பூ, மூட்டையாகக் கட்டப்பட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் வாசத்தில் எங்கள் காட்டுக்கும் பங்குண்டு. காரியாபட்டி தாண்டி மண்டேலா நகர் வந்ததும் மதுரை நகருக்குள் போகிறவர்கள் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து அவனியாபுரம், வில்லாபுரம் வழியாகப் பெரியார் பஸ் நிலையம்.

நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, துணிக்கு விளக்குத்தூண், பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு, மளிகைக்குக் கீழமாசி வீதி. இட்லிக்கு எந்தத் தெருவும் சரிதான். மதுரையில் மோசமான இட்லியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் முதலில் தேடுவது பருத்திப்பால் வண்டியை.

பருத்திப்பாலை மதுரையின் பானம் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். அதன் கொட்டை எங்கள் கரிசலில் விளைந்தது. உழவுமாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தது போக, ஒரு படி எடுத்து வீட்டாருக்கும் காய்ச்சுவார்கள். முதல்நாள் ராத்திரியே கொட்டையை ஊறப்போட வேண்டும். விடிந்ததும் ஆட்டுரலில் நீர் தெளித்து ஆட்டி, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்தால் முதல் பால். சக்கையை மறுபடி ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால். அடுப்பிலேற்றி, அரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை வாடை போனபிறகுதான் கருப்பட்டிப் பாகு. சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்ப்பூ. அவசரப்பட்டு இறக்கினால் கொட்டையின் கசர் தொண்டையிலேயே நிற்கும். வண்டிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். பித்தளைப் பானையின் அடியில் கனல் எரிய, மேலே ஆடை படிந்து, கரண்டியால் ஊற்றும்போது கூழுக்கும் பாலுக்கும் நடுவான பதத்தில் இறங்கும்.

இந்த முறை என்னோடு வந்திருந்த அப்பத்தா ஒரு டம்ளர் குடித்து முடித்து, வண்டிக்காரரிடம் கேட்டார்: "ஏய்யா, கொட்டை எந்தப் பக்கத்துது?"

"கடையில வாங்குறதுதான் ஆத்தா. எந்த ஊருன்னு எனக்கெங்கிட்டுத் தெரியும்?"

"எங்க காட்டுல கருங்கண்ணி போட்டப்போ கொட்டை இனிக்கும்யா. இப்ப போடுறதுல பஞ்சு இருக்கு, பாலு இல்ல."

அப்பத்தா சொன்னதில் விவரம் இருக்கிறது. கருங்கண்ணி இந்தக் கரிசலின் நாட்டுப் பருத்தி. மழை தவறினாலும் தாக்குப்பிடிக்கும். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் அதைத் தெரிவு செய்து 'கே' வரிசை ரகங்களாகக் கொடுத்தது. இழை குட்டை என்பதால் மில்களுக்கு அது பிடிக்காமல் போனது. நீள இழைப் பருத்தி வந்தது, வீரிய ரகம் வந்தது, 2002-இல் நாட்டில் பி.டி. பருத்திக்கும் அனுமதி கிடைத்தது. இப்போது பருத்தி போட்ட புஞ்சைகள் பலவற்றில் மக்காச்சோளம் ஏறிவிட்டது. பருத்திப்பால் வண்டி மதுரையில் நிற்கிறது; கருங்கண்ணியைக் காட்டில் பார்ப்பது அரிதாகிவிட்டது. இதை நான் சாதாரண நஷ்டமாக நினைக்கவில்லை.

கீழமாசி வீதியில் கல்யாண மளிகை வாங்குவது பெரிய வேலை. மிளகாய் மூட்டை முன்னால் நின்றதும் எங்கள் மதினியின் முகமே மாறிவிட்டது. ஒரு கை அள்ளி, காதருகே வைத்துக் குலுக்கினார். நன்றாகக் காய்ந்த வற்றலுக்குள் விதை கலகலவென்று பேச வேண்டும். பேசாவிட்டால் ஈரம் இருக்கிறது, பூசணம் பூக்கும். பிறகு ஒரு வற்றலை ஒடித்து நிறம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது முண்டா, சம்பாவான்னு ரெண்டுங்கெட்டானா இருக்கே?"

"சம்பாதாம்மா. விருதுநகர்லருந்து வந்த சரக்கு."

விருதுநகர் கமிஷன் கடைக்கு அது எங்கிருந்து போனது என்று மதினிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. களத்தில் மிளகாயைப் பரப்பி, கிண்டி, மழைமேகம் கண்டால் ஓடிப்போய்க் கூட்டிக் குவித்தவர் அவர். காம்பு கிள்ளிய நாட்களில் ராத்திரி விரல் எரிச்சலில் தூங்காதவர். உருண்டையான ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் விற்றவரே சில வாரம் கழித்துத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே வற்றலைக் கூடுதல் விலைக்கு வாங்கும் நிலை மாறவில்லை. கொத்தமல்லிக்கும் உளுந்துக்கும் இதே கதை. கடன்காரர் காத்திருக்கும்போது களத்திலேயே தள்ளிவிட வேண்டியிருக்கிறது. இருப்பு வைக்க இடமும் இல்லை, தெம்பும் இல்லை.

வெயில் ஏறியதும் தெற்குக் கோபுரம் பக்கம் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ரமண மந்திரத்தில் பெண்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். திருச்சுழியில் 1879-இல் பிறந்து பின்னாளில் ரமணரான வேங்கடராமன், 1896-இல் திருவண்ணாமலைக்குக் கிளம்பியது இந்த வீட்டிலிருந்துதான். எங்கள் ஊர்ப் பிள்ளை இருந்த வீடு என்பதால் அப்பத்தாவுக்கு அங்கே தனி உரிமை.

மத்தியானம் சிம்மக்கல் பக்கம். கோனார் கடைக் கறிதோசை மதுரையில் தெரியாதவர் இல்லை: கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி மசாலா, திருப்பிப் போட்டு எண்ணெயில் முறுக எடுப்பது. மதுரையின் கறிச்சோற்றுப் பெயரில் பாதி ஆட்டுக்குச் சேரவேண்டியது. வெள்ளிதோறும் கூடும் திருமங்கலம் சந்தைக்கு மானாவாரிக் காட்டு ஆடுகள் வந்திறங்குகின்றன. அறுப்புக்குப் பின் தாளிலும், கருவேல நெற்றிலும் மேய்ந்த ஆட்டின் கறிக்கு உள்ள மணம் கட்டிப்போட்டு வளர்த்த ஆட்டில் வராது. சாயங்காலம் விளக்குத்தூணில் பிள்ளைகளுக்காக ஜிகர்தண்டா. பெரியவர்கள் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்தது ஒரு சிறுதானிய உணவகத்தின் விலைப்பட்டியல். குதிரைவாலித் தயிர்ச்சோறு, குதிரைவாலிப் பொங்கல், குதிரைவாலி பிரியாணி. விருதுநகர் மாவட்டத்துப் புஞ்சைத் தானியம் அது. குதிரைவாலிச் சோற்றுக்கு மொச்சைக் குழம்போ கருவாட்டுக் குழம்போ ஊற்றிப் பிசைந்து சாப்பிட்ட தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. நெல்லுச்சோறு தீபாவளிக்கு என்றிருந்த காலத்தில் அதை ஏழைச் சோறு என்றார்கள். ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு அது நகரத்து ஆரோக்கியச் சோறு.

இதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சிதான். வருத்தம் வேறு இடத்தில். குதிரைவாலியின் உமி லேசில் கழலாது. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்த பெண்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இடிக்கும் கைகள் ஓய்ந்துவிட்டன. உமி நீக்கும் இயந்திரம் பல ஊர்களில் இல்லை. அதனால் விவசாயி உமியோடு விற்கிறார். அரிசியாகித் திரும்பி வரும்போது விலை ஏறிவிடுகிறது. அந்த வித்தியாசத்தில் காட்டில் நின்றவருக்கு ஒரு பைசா இல்லை.

ராத்திரி அருப்புக்கோட்டையில் இறங்கினோம். தறி ஓடுகிற ஊர். பரோட்டாக் கல் அந்நேரத்திலும் தட்டுகிறது. எண்ணெயில் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தின்றுவிட்டு, வீட்டுக்குச் சீரணி மிட்டாயும் காராச்சேவும் பொட்டலம் கட்டிக்கொண்டால்தான் மதுரைப் பயணம் முடிந்தது என்று அர்த்தம். அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் பிழிந்து பாகில் ஊறப்போட்ட அந்த மிட்டாயை, மதுரை அல்வாவுக்கு ஒரு படி மேலேயே வைப்பேன்.

வட்டாரத்துக்கு இரண்டு உமி நீக்கும் இயந்திரமும், மழை படாத ஒரு கிட்டங்கியும் கிடைத்தால் இந்தப் பூமியின் கணக்கு மாறும். அதை அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யட்டும். அதுவரை மதுரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். மாசியிலோ பங்குனியிலோ ஒருநாள் பஸ் ஏறி இந்தப் பக்கம் வாருங்கள். வருஷத்துக்கு வேண்டிய வற்றல், கொத்தமல்லி, உளுந்து, குதிரைவாலியைக் களத்திலேயே, விளைத்தவர் கையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர்தான்.

(தொடரும்)