விழுங்கும் மாத்திரை நெஞ்சுச் சளியை எட்டுவது எங்ஙனம்?

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், புகையாலும் பஞ்சுத் தூசாலும் நெஞ்சு கெட்ட நம் அங்கத்தினர் சிலருக்கு இருமல் முற்றுகிறது. சளி மஞ்சளித்துத் திரண்டால் வைத்தியர் கிருமிக்கொல்லி மாத்திரை தருகிறார். வயிற்றுக்குப் போகும் மாத்திரை மூச்சுக்குழாய்க்கு எங்ஙனம் போகும் என்பது நம்மிடம் பலர் கேட்கும் கேள்வி.

மாத்திரை சிறுகுடலில் இரத்தத்துடன் கலந்து, ஈரல் வழியே இருதயத்தை அடைகிறது. இருதயம் அவ்விரத்தம் முழுவதையும் நுரையீரலுக்கு அனுப்பியே தீரும். அருவிக்கரையின் மூலிகைக் காற்றே நெஞ்சுநோயைத் தீர்க்கும் என்பாருண்டு. காற்று இனிது, ஆனால் அவ்வேலை அதனால் ஆகாது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில், ஏழை நோயாளிகளுள் ஒரு சாரார் தத்தம் வீட்டிலும், மற்றொரு சாரார் சானடோரியத்திலும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு உண்டனர். ஓய்வும் நல்லுணவும் சானடோரியத்தார்க்கே மிகுதி. எனினும் பயனில் பெரும் வேற்றுமை இல்லை என 1959-இல் வெளியான அறிக்கை காட்டிற்று.

கடினமானது கடைசிப் படி. நாட்பட்ட இருமலில் கிருமி வாழ்வது மூச்சுக்குழாயின் உட்புறச் சளியில். இரத்தக்குழாய்ச் சுவரையும், நெருங்கிப் பின்னிய உள்தோலையும் மருந்து கடக்க வேண்டும். எல்லாச் சாயமும் எல்லா நூலிலும் ஒன்றுபோல் ஏறுவதில்லையே! லெவோஃபிளாக்சசின் எளிதில் கடக்கிறது. அமாக்சிசிலினோ இரத்தத்திலுள்ளதில் சிறு பங்கே சளியில் சேர்கிறது; ஆதலின் வேளை தவறினால் அச்சிறு பங்கும் குன்றும். அசித்ரோமைசின் வெள்ளணுக்களுள் புகுந்து, அவை கிருமியைத் தேடிச் செல்லுமிடத்திற்கு உடன் செல்கிறது. உண்பதை நிறுத்திய பின்னும் சில நாள் தங்குகிறது. தழும்பேறி இரத்த ஓட்டம் குறைந்த இடத்திலும், கெட்டிச்சளி அடைத்த இடத்திலும் எம்மருந்தும் அரிதாகவே புகும். சளியை இருமி வெளியேற்றும் பயிற்சியை வைத்தியர் வற்புறுத்துவது இதனாலேயே.

அண்டை வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி உண்போர் ஒன்றறிதல் வேண்டும். லெவோஃபிளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணிந்தாற்போலத் தோன்ற, நோய் உள்ளே வளரும், கண்டறிவதும் தாமதமாகும். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குத் தென்காசி அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மாத்திரை தொடங்குமுன் அதனைச் செய்துகொள்க.