ஜீப்பும் அப்துல் ஹமீதும்

முன்பெல்லாம் போலீஸ் அதிகாரிகளும் வன இலாகாவினரும் வந்திறங்கிய ஜீப் வண்டியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். போர்க்களத்திற்கென்றே பிறந்த வண்டி அது.

1940-இல் அமெரிக்க இராணுவம், மேடுபள்ளம் பாராது ஓடக்கூடிய இலகுவான வண்டி வேண்டி 135 நிறுவனங்களை அழைத்தது. மாதிரி வண்டியை 49 நாள்களில் ஒப்படைத்தாக வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த பான்டம் என்னும் சிறு கம்பெனி துணிந்து ஏற்றது. பொறியாளர் கார்ல் பிராப்ஸ்ட் வரைபடம் தீட்டினார். கெடு முடிய அரைமணி நேரமே இருக்கையில், செப்டம்பர் 23 அன்று வண்டி போய்ச் சேர்ந்தது. ஆனால் இராணுவமோ அவ்வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அவையிரண்டும் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. பான்டத்திற்கோ டிரெய்லர் செய்யும் வேலையே மிஞ்சியது. அமானிதம் பேணப்படவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டியது மகிந்திரா நிறுவனம். 1945-இல் அதன் பெயர் மகிந்திரா அண்ட் முகம்மது! பங்காளியான குலாம் முகம்மது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார்.

1965-ஆம் ஆண்டுப் போரில், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் முன்னேறின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 டன். அவற்றை எதிர்கொண்டவர்களுள் ஒருவர் 4-ஆவது கிரனேடியர்ஸ் படையின் ஹவில்தார் அப்துல் ஹமீது. உத்தரப்பிரதேசத்தின் தாமுபூர் கிராமத்தில் தையற்காரர் குடும்பத்தில் பிறந்தவர். அவரிடம் இருந்தது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கி. சுடும்போது வாயு பின்புறமாக வெளியேறுவதால் அதற்குப் பின்னுதைப்பு இல்லை. ஆகவேதான் சின்னஞ்சிறு ஜீப் அதைத் தாங்குகிறது. ஆனால் பின்னால் எழும் தீச்சுடரும் புழுதியும் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுட்டவுடன் இடம் மாறாவிட்டால் மரணம் நிச்சயம்.

சீமா கிராமத்தருகே கரும்பு வயல்களின் மறைவில் அன்னார் அவ்வாறே சுட்டுச் சுட்டு இடம் மாறினார். பல டாங்கிகள் வீழ்ந்தன. எத்தனை என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. செப்டம்பர் 10 அன்று எதிரியின் குண்டுக்கு அவர் இரையானபோது வயது 32.

1966 குடியரசு தினத்தன்று அவருடைய மனைவி ரசூலன் பீவி பரம்வீர் சக்கரத்தைப் பெற்றுக்கொண்டார். 2000-இல் அஞ்சல் துறை வெளியிட்ட மூன்று ரூபாய்த் தபால்தலையில் அப்துல் ஹமீதோடு அந்த ஜீப்பும் இருக்கிறது.