ஒழுகும் யன்னலும் ஓடாவியாரும்

வீடு ஒழுகினால் வாளி வைத்துச் சமாளிக்கலாம். படகு ஒழுகினால் என் செய்வது? மழைக்குப் பஞ்சமில்லாத மாவனல்லையில் வாழும் எமக்கு ஒழுக்கு என்பது புதிதன்று. மகா ஓயா கலங்கி ஓடத் தொடங்கினால், எமது வீட்டு மேற்கு யன்னலின் கீழே வாளியும் பழந்துணியும் வந்து குடியேறிவிடும். ஆயினும் ஒழுக்கைப் பற்றிய உண்மைப் பாடத்தை நாம் கற்றது திருகோணமலையில், ஒரு பாய்மரப் படகினுள்ளேதான்.

கடந்த மார்கழி விடுமுறையில் அங்குள்ள நண்பரிடம் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற பொறியியலாளரான அவர், ஏறக்குறைய 50 ஆண்டு கண்ட பாய்மரப் படகொன்றை வாங்கி வைத்திருக்கிறார். உள்ளே இருவர் படுத்துறங்கச் சிற்றறை. அதன் இருமருங்கிலும் நீண்ட யன்னல்கள். "இன்றிரவு கடற்காற்றில் உறங்குவோம்" என்று அழைத்துச் சென்றார். நள்ளிரவில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டது. முதற்றுளி எமது நெற்றியில் விழுந்தது, அடுத்தது தலையணையில். விடியும்வரை இருவரும் குந்தியிருந்தோம். "பின் யன்னலுக்கு மூன்று தரம் பசை பூசிவிட்டேன். இனி விற்றுவிடுவதே வழி" என்றார் நண்பர், சோர்ந்த குரலில்.

காலையில் முதிய ஓடாவியார் ஒருவரை அழைத்து வந்தோம். மரத்தோணி கட்டிப் பழகிய கை. அவர் யன்னலைப் பார்க்கவேயில்லை; உட்சுவரின் மூடுபலகையைக் கழற்றி, உள்ளேயிருந்த ஒட்டுப்பலகையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே சென்றது!

"தண்ணி சொட்டுற இடம் வேற, உள்ளுக்கு வாற இடம் வேற, ஐயா" என்றார். "இந்தப் பலகையிலதான் பாய்மரத்தின்ர கயிறு கட்டியிருக்கு. கடல்ல காத்துப் பிடிச்சிருந்தால் மரமே சாய்ஞ்சிருக்கும்."

நண்பர் முகம் வெளிறியது. தலையணை நனைவதென எண்ணியிருந்தது, உயிருக்கே உலை வைக்கும் வினையாக வளர்ந்திருந்தது.

கடல்நீரைக் காட்டிலும் மழைநீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்யும் என்பது பலரும் அறியாத செய்தி. மரத்தை அரிக்கும் பூஞ்சணம் உப்பில் எளிதில் வளராது. நன்னீர் ஊறி, காற்றோட்டமற்ற மூலையில் தேங்கினால் செழித்து வளரும். ஆகவே மேலிருந்து வரும் சிறு ஒழுக்கையும் எளிதாக எண்ணலாகாது.

இனி ஓடாவியார் செய்த சோதனையைக் கேளுங்கள். வெளியிலுள்ள பொருத்துகள் அனைத்தையும் ஒட்டுநாடாவால் மூடினார். உட்புறத்தில் முகப்பவுடரைத் தூவினார். பின்னர் நாடாவைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் உரித்து, குழாய்நீரைப் பாய்ச்சினார். பின் யன்னலில் ஒரு துளியும் நுழையவில்லை. முன் யன்னலின் மேல்மூலையைத் திறந்ததும், பவுடரில் ஈரக்கோடு ஒன்று பாம்புபோல் நெளிந்து, கூரையின் உட்சரிவு வழியே பின்னோக்கி ஓடித் தலையணைக்கு மேலே சொட்டியது. மூன்று தரமும் நண்பர் குற்றமற்ற யன்னலுக்கே வைத்தியம் செய்திருந்தார்!

முன் யன்னல் ஒழுகியது ஏன்? அதில் இருந்தது கண்ணாடியன்று, அக்கிரிலிக் தகடு. வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் ஒரு மீற்றர் நீளக் கண்ணாடி கால் மில்லிமீற்றரே நீளும். அக்கிரிலிக்கோ ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளும். பகல் வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கும் தகட்டோடு, காய்ந்து இறுகிய பழம்பசை எங்ஙனம் ஒத்துப்போகும்? பிடிவிட்டது, நீர் புகுந்தது.

மேலே பூசுவது பயனற்றது. தகட்டை முற்றாகக் கழற்றி, பழம்பசையை ஒரு பொட்டும் விடாமல் சுரண்டினோம். தகட்டைச் சவர்க்கார நீரால் மட்டுமே கழுவினோம். தின்னர், அசெற்றோன் போன்றவை பட்டால் அக்கிரிலிக் வெடிப்புக் காணும். திருகாணித் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, தகடு அசைய இடம் விட்டோம். உளுத்த பலகையை வெட்டியெறிந்து, கடற்பாவனைக்குரிய புதிய ஒட்டுப்பலகையை இணைத்தோம். பின்னர் சிலிக்கோன் பசையைத் தடிப்பாக இட்டு, திருகாணிகளை மெல்லவே முடுக்கினோம். நண்பர் அவசரப்பட்டு இறுக்க முனைந்தபோது ஓடாவியார் கையைத் தடுத்தார். "முழுக்க இறுக்கினால் பசை வெளியால போயிடும். பிறகு எதை நம்பி நிக்கிறது?" என்றார். ஐந்து நாள்கள் உழைத்தோம். ஆறாம் நாள் மழை பெய்தது, தலையணை நனையவில்லை.

இவ்வறிவு எம்மவருக்குப் புதிதன்று. பலகைகளின் இடைவெளியிற் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசும் வேலையைக் 'கலப்பத்து' என்பர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, வல்வை மாலுமிகள் அதனை அத்திலாந்திக் கடந்து செலுத்தி, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். அத்துணைத் தொலைவு செல்லும் கப்பலின் பொருத்துகளைப் பேணிய கைகளுக்குப் பொறுமையும் தெரியும். பொருத்து அசையும் என்பதும் தெரியும்.

மாவனல்லைக்குத் திரும்பியதும் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு மேற்கு யன்னலண்டை நின்றோம். "வாத்தியாருக்கு அலங்காரம் வேண்டிக் கிடக்குதோ?" என்று நகைத்தாள் இல்லாள். மழை வந்தது. ஈரக்கோடு யன்னலிலிருந்து வரவில்லை. அதற்கு இரண்டு அடி மேலே, மழைத்தட்டு சுவரோடு சேரும் வெடிப்பிலிருந்து இறங்கியது. பல ஆண்டுகளாக நாம் வர்ணம் பூசி வந்ததும் குற்றமற்ற யன்னலுக்கே!

வெடிப்பை அடைத்தாயிற்று. வாளி இப்போது கிணற்றடிக்குப் போய்விட்டது. நண்பரும் படகை விற்கவில்லை. அடுத்த விடுமுறைக்கும் அழைத்திருக்கிறார். இம்முறை தலையணையை நம்பியே எடுத்துச் செல்கிறோம்.