டவர் எட்டாத வழியில்

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்குச் செல்லும் காட்டுச் சாலையில் நெடுந்தொலைவுக்கு டவர் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு, நோயுற்ற மூதாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றோம். "இனி இது வழி காட்டாது" என்று ஓட்டுநர்த் தம்பி கைபேசியை அணைத்துவிட்டார். நாமும் அவ்வாறே நம்பினோம். விளைவு, தேயிலைத் தோட்டத்துப் பிரிவுச் சாலையொன்றில் திரும்பி, ஒன்றரை மணி நேரம் அலைந்தோம்.

உண்மை வேறு. நாம் நிற்கும் இடத்தைக் கைபேசிக்கு உணர்த்துவது டவர் அன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களே. அவற்றுள் நான்கின் குறிகள் எட்டினால் போதும். அவை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கைபேசி தன் இடத்தைக் கணித்துக்கொள்ளும். அமெரிக்க இராணுவம் பொதுமக்களுக்குரிய குறிகளில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்ட பின்னரே இத்துணைத் துல்லியம் நமக்கும் வாய்த்தது.

டவர் வழியே வருவது நிலப்படம். அதனை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கூகுள் மேப்ஸில் 'ஆஃப்லைன் மேப்ஸ்' என்னும் பகுதியைத் திறந்து, வேண்டிய பரப்பைக் கட்டத்துள் அடக்க வேண்டும். சேருமிடத்தை மட்டும் இறக்கிவிட்டு இடைவழியை மறந்துவிடுவோர் பலர்! டவர் இல்லாதபோது, முதலில் இடமறியச் சில நிமிடங்கள் பிடிக்கலாம், பதற வேண்டியதில்லை. நெரிசலையோ மண்சரிவையோ அப்படம் அறியாது. அவற்றைச் சோதனைச்சாவடியில்தான் கேட்டறிய வேண்டும்.

திரும்புகையில் படத்தை இறக்கிக்கொண்டே புறப்பட்டோம். டவர் மறைந்த பிறகும் நீலப்புள்ளி வளைவுக்கு வளைவு நம்முடன் வந்தது. தம்பி இருமுறை வண்டியை நிறுத்தி அதனை உற்றுப் பார்த்தார்.