வளைந்த மரமும் நிமிரும்!

மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்றார் சீனத்து மென்சியஸ். இல்லை, கெட்டவனே என்று மறுத்தார் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு அறிஞர் சுன்சி.

கெட்டவன் என்று கைகழுவி விட்டாரா? இல்லை! மரத்தையும் இரும்பையும் உவமை காட்டினார். வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி, இறுக்கிக் கட்டி நிமிர்த்தவில்லையா? மழுங்கிய இரும்பைச் சாணையில் தீட்டிக் கூராக்கவில்லையா? மனிதனைத் தீட்டும் சாணை, ஆசானும் கல்வியும் ஒழுக்கமுமே என்றார்.

பெருவெள்ளத்தை அடக்கியவன் எனச் சீனர் போற்றும் மன்னன் யூ. அந்த மாமன்னனும் தெருவில் போகும் சாமானியனும் பிறவியில் ஒன்றே; முயன்றால் இவனும் யூ ஆகலாம் என்றார். மேன்மை பிறப்பால் அன்று, உழைப்பால்!

ஆனால், முடியும் என்பது வேறு, முடிப்பது வேறு. இரும்பைத் தீட்டத் தெரிந்த கை, தன்னைத் தீட்டத் தயங்கலாமா?