முன்கண்ணாடியை மறைக்கலாமா?

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் வாழ்வளிக்கும் சிவகாசி வட்டாரத்துச் சாலைகளை நாம் அனைவரும் அறிவோம். விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்கள், சரக்கு லாரிகள், சைக்கிளில் செல்வோர், தூக்குச்சட்டியுடன் ஓரமாக நடப்போர் ஆகிய அனைவருக்கும் ஒரே சாலைதான். விருதுநகரை அடைந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறிவிட்டாலோ, வேகம் இன்னும் கூடுகிறது. இச்சாலைகளில் ஓடும் வாகனங்களின் முன்கண்ணாடியில் இன்று இரு கருவிகள் இடம்பிடித்துள்ளன. ஒன்று வழிகாட்டும் கைப்பேசி. மற்றொன்று பயணத்தைப் படம்பிடிக்கும் டேஷ்கேம்.

இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. அறியாத ஊரில் ஒன்று வழி சொல்கிறது. விபத்து நேர்ந்தால் நடந்ததை நடந்தவாறே மற்றொன்று காட்டுகிறது. ஆனால், காக்க வந்த கருவியே கண்ணை மறைத்தால் பயன் என்ன?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே, 60 சென்டிமீட்டர் தொலைவில், குறுக்காகப் பொருத்தினால், இரு கண்களும் திறந்திருக்கும்போதே 30 மீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ 4 மீட்டர் அகலம் மறைந்துபோகும். சைக்கிளும் அதில் வருபவரும் அதற்குள் அடங்கிவிடுவர். மேலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 2 விநாடி திரையை நோக்கினால், வாகனம் 33 மீட்டர் பார்வையின்றி ஓடிவிடுகிறது. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் தாய் ஒருத்தி அந்த 33 மீட்டருக்குள் இருக்கலாம் அன்றோ?

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. ஓட்டுநருக்கு இடையூறாக எப்பொருளையும் வைத்தலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வாகனம் ஓட்டுகையில் கைப்பேசியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் கவனம் சிதறாத வகையில், பயன்படுத்த இசைகிறது.

ஆகவே செய்யத்தக்கவை யாவை? டேஷ்கேமை உட்புறப் பின்பார்வைக் கண்ணாடியின் பின்னே, அதன் இடப்பக்கமாகப் பொருத்துக. அதன் திரையை அணைத்துவிடுக. மின்கம்பி தொங்காமல் கூரையோரமாகச் செல்லட்டும். காற்றுப்பை விரியும் வழியில் எதுவும் குறுக்கிடலாகாது. நம் பகுதியின் கடும் வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரி உப்பிக் கெடக்கூடும் என்பதால், வெப்பம் தாங்கும் கருவியாகத் தேர்வது நலம். கைப்பேசியை முன்கண்ணாடியில் ஒட்டாமல், கண்மட்டத்திற்குக் கீழே உறுதியாக நிறுத்துக. புறப்படுமுன்னே ஊரைக் குறித்து, தமிழ்க் குரலைக் கேட்டுச் செல்க. இடையில் மாற்ற நேர்ந்தால், ஓரமாக நிறுத்திய பின்னரே மாற்றுக. அல்லது அருகிருப்பவர் அப்பணியை ஏற்கட்டும்.

வழிகாட்டியும் தவறக்கூடும். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், அதை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. அவ்வாண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே, முற்றுப்பெறாத பாலத்திலிருந்து கார் ஆற்றில் விழுந்து மூவர் மாண்டனர். அவர்களும் வழிகாட்டியைப் பின்பற்றியே சென்றனர் எனச் செய்திகள் கூறின. கருவி சொல்வது யோசனையே. கண் காண்பதே உண்மை.

இல்லத்தாருக்கும் இதில் பொறுப்புண்டு. "எங்கே வருகிறீர்கள்?" என்று அடிக்கடி அழைத்தால், வழிகாட்டும் திரையில் அவ்வழைப்பே முன்வந்து நிற்கும். ஓட்டுபவரை அழைக்காதிருப்பதும் அன்பே. கண்ணாடியில் தொங்கி ஊசலாடும் செபமாலையும் பார்வையைத் தடுக்கும் என்பதைச் சொல்லத் தயங்கோம். அது ஓட்டுபவரின் சட்டைப்பையில் இருக்கட்டும். புறப்படுமுன் கையில் எடுத்துச் செபிக்கட்டும்.

2007-ஆம் ஆண்டு வத்திக்கான் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. அவற்றுள் முதலாவது, கொலை செய்யாதிருத்தல். அக்கட்டளை ஓட்டுநர் இருக்கையிலும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. எனவே, இன்று மாலையே நம் வாகனத்தில் ஏறி அமர்ந்து, முன்கண்ணாடியில் பார்வையை மறைப்பது எது என்று பார்த்து அகற்றுவோம். சாலையில் நடந்துவரும் அயலாரை நாம் முழுமையாகக் காண வேண்டும். அவரும் தம் இல்லத்தை நலமாக அடைய வேண்டும்.