வண்டல் அள்ளும் முன் குரோமியம் பாருங்கள்

ஏரி வற்றினால் போதும், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் வண்டல் அள்ள டிராக்டர்கள் இறங்கிவிடுகின்றன. மண்ணைப் பரிசோதித்தீர்களா என்றால் தாசில்தார் அனுமதியையும் மண்வள அட்டையையும் நீட்டுகிறார்கள். இந்த வட்டாரத்துக்கு இரண்டும் போதாது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்று அனுமதி அளவைத்தான் சொல்லும். மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து வரும். துத்தநாகம், இரும்புகூட வரும். குரோமியம் வராது.

இங்குள்ள ஆலைகள் தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோம் உப்பு கழிவுநீரோடு ஓடி, ஏரியின் களிமண்ணில் ஒட்டி அடியில் படிகிறது. மேலே தண்ணீர் தெளிந்தாலும் அடிமண் தெளியாது. படிவது பெரும்பாலும் மூன்றிணைதிற வகை. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடால் அதில் ஒரு பகுதி ஆறிணைதிற குரோமியமாக மாறக்கூடும். அது நீரில் கரையும், புற்றுநோய் தரும். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம், தோல் ஆலைக் கழிவு பாலாற்றில் கலந்தது பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்றே சொன்னது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அதிகாரிகள் இத்தனை காலம் என்ன செய்தார்கள்?

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எவர்சில்வர் கரண்டியால் அள்ளாதீர்கள். அந்த உலோகத்திலேயே குரோமியம் இருக்கிறது. மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். வரத்துக்கால் சேரும் இடம், ஏரியின் நடு, மதகடி என்று தனித்தனியாக, அள்ளப்போகும் ஆழம் வரை எடுங்கள். புதுப் பிளாஸ்டிக் பையில் கட்டி, இடமும் தேதியும் எழுதி, வெயிலில் காயவிடாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, என்.ஏ.பி.எல். அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் உடனே கொடுங்கள். ‘மொத்தக் குரோமியம், ஆறிணைதிற குரோமியம்’ என்று படிவத்தில் எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள்.

குரோமியம் மிகுதி என்று அறிக்கை வந்தால் அள்ளுவதை நிறுத்திவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். சர்வே எண், கழிவு வரும் ஓடை, அறிக்கை நகல் மூன்றும் அதில் இருக்கட்டும். ஆலை மேல் குற்ற வழக்கு என்றால் அதிகாரி முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரிதான் செல்லும். ஆகவே ‘நீங்களே வந்து மாதிரி எடுங்கள்’ என்றும் எழுதுங்கள். நகலைத் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். ‘பார்க்கிறோம்’ என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். வாரியத்தின் ஆய்வு முடிவுகளை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்தது சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். மாசைத் தடுக்கக் கோரும் மனுவுக்குப் பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 வருடம் கெடு. அலுவலகம் அலுவலகமாக அலையும் நாட்களும் இந்தக் கெடுவில்தான் கழியும். மனு எண் வாங்கினீர்களா?

ஏற்கெனவே வண்டலை வயலில் கொட்டிவிட்டவர்கள் மேற்கொண்டு உழுது கலக்காதீர்கள். கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் காய்ச்சிக் குடித்தும் பயனில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் போகாது.